ஒன்றரை மடங்கு வேகம்

இருபது வயதில் எங்களுக்குச் சங்கீதம் என்றால் ஓட்டம்தான். பிருகா சரஞ்சரமாக உதிர வேண்டும், மிருதங்கம் பின்னாலேயே துரத்த வேண்டும், கடைசியில் ஒரு முருகன் பாட்டு வந்து நெஞ்சை அடைக்க வேண்டும். இதற்கெல்லாம் மதுரை சோமுவை விட்டால் யார்? திருவிழாவில் தெருவை அடைத்துப் போட்ட பந்தலில், மணல்மேல் துண்டை விரித்து உட்கார்ந்தால், 1972இல் ‘தெய்வம்’ படத்துக்கு அவர் பாடிய மருதமலைப் பாட்டைக் கேட்டு மேடைக்குச் சீட்டு மேல் சீட்டாகப் போகும். ஆலாபனைக்குத் தலையாட்டுகிற பெரியவர்களுக்கு நடுவே அந்தச் சீட்டை எழுதுகிற கை பெரும்பாலும் எங்களுடையதாகத்தான் இருக்கும். அவரும் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, நள்ளிரவு தாண்டியும் பாடிக்கொண்டிருப்பார்.

அப்புறம் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தால், அங்கே எம்.டி. ராமநாதன். தரையைத் தொடுகிற குரல். அவசரம் என்பதே அறியாத காலப்பிரமாணம். அவர் ஒரு வரியை எடுத்து அடுத்த வரிக்கு வருவதற்குள் ரவா தோசை சாப்பிட்டுக் காபியும் குடித்துவிடலாம் என்று நண்பர்களோடு சொல்லிச் சிரித்து, சொன்னபடி செய்தும் காட்டியிருக்கிறோம். திரும்பி வந்தால் அதே சஹானா, விட்ட இடத்திலேயே இருக்கும். நாற்காலிகள் பாதி காலி. மனிதர் அதைக் கவனித்ததாகவே தெரியாது. கண்ணை மூடித் தாமே ரசித்துப் பாடிக்கொண்டிருப்பார். டைகர் வரதாச்சாரியாரின் சீடர், கலாக்ஷேத்ராவில் ஆசிரியர். ஆனாலும் சங்கீத கலாநிதி பட்டம் வராமலே 1984இல் போய்ச்சேர்ந்தார்.

இப்போது என் காலை அவரோடுதான் விடிகிறது. அன்று கேன்டீனுக்கு ஓடிய அதே கோஷ்டி இன்று வாட்ஸ்அப்பில் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைத் தேடித்தேடிப் பரிமாறிக்கொள்கிறது. “ரசனை ஒன்றும் வளரலை, உங்க நடை அவர் காலப்பிரமாணத்துக்கு வந்திருக்கு, அவ்வளவுதான்” என்கிறாள் என் மனைவி. மறுக்க முடியவில்லை, மாடிப்படி ஏறும்போது நானே அதிவிளம்பம்தான்.

சோமு எங்களைத் தேடி வந்தார். இவர் இருந்த இடத்திலேயே இருந்தார், நாங்கள்தான் முழங்கால் வலியோடு போய்ச் சேர்ந்தோம். இன்றைய வித்வான்களுக்கு இரண்டுக்கும் அவகாசம் இல்லை, பாவம். மணிக்கணக்கில் பல்லவி கேட்டுப் பழகியவர்களுக்கு நடுவே அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வர்ணம், கீர்த்தனைகள், சுருக்கமான பல்லவி, துக்கடா என்று கச்சேரிக்கு ஒரு பந்தி வரிசை வகுத்தபோது முணுமுணுத்த கிழவர்கள் இருந்திருப்பார்கள். அந்த வரிசையையும் இப்போது இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியிருக்கிறது. சபாவில் நரைத்த தலைகளைப் பார்த்து நிதானமாக ஒரு தோடி. அதே பாடகர் அதே வாரம் இளசுகளுக்காக இன்ஸ்டாகிராமில் அரை நிமிடப் பிருகா. நான் தோடியைக் கேட்டுவிட்டுத் துக்கடாவுக்கு முன்பே எழுந்து டாக்ஸிக்குச் சொல்லிவிடுகிறேன். அன்று துக்கடாவுக்காகவே உட்கார்ந்திருந்தவன் பார்த்தால் காறித் துப்புவான். மேடைக்குச் சீட்டு அனுப்பும் வழக்கமும் குறைந்துவிட்டது. வேண்டியதைப் போனில் தட்டினால் செத்துப்போனவர்கூட உடனே பாடுகிறார், ஆனால் நம் சீட்டைப் பிரித்துப் பார்த்து ஒரு புன்னகை பூப்பதில்லை.

போன வாரம் பேரன் என் போனை வாங்கி, ராமநாதன் பாடிக்கொண்டிருக்கும்போதே எதையோ அழுத்தினான். சுருதி அப்படியே இருக்க, சஹானா குடுகுடுவென்று ஓடத் தொடங்கியது. “ஒன்றரை மடங்குல வெச்சிருக்கேன் தாத்தா, இப்பத்தான் நல்லா இருக்கு” என்றான். பிடுங்கத்தான் கை நீட்டினேன். ஆனால் தொடையில் இன்னொரு கை தாளம் போட ஆரம்பித்திருந்தது.