சுவரில் ஆணி அடிக்காத குடித்தனக்காரர்

கேள்வி: விண்டோஸ் உள்ள கணினியில், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டலாம் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல் இருந்துவிட்டுப் போகும் குடித்தனக்காரர் அது. 2000-இல் ஜெர்மானியரான கிளாஸ் க்னாப்பர் வெளியிட்ட ‘க்னாப்பிக்ஸ்’ என்ற லினக்ஸ், 700 எம்.பி. சிடிக்குள் சுமார் 2 ஜி.பி. மென்பொருளைச் சுருக்கித் திணித்து இந்த வித்தையைப் பிரபலமாக்கியது. சிடி ஓய்வுபெற்றதும் அந்த வேலை பென் டிரைவுக்கு வந்தது.

லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் சும்மா காப்பி செய்தால் பெரும்பாலும் கணினி திரும்பிக்கூடப் பார்க்காது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருளால் அதை எழுத வேண்டும். அப்போது டிரைவிலுள்ள கல்யாண வீடியோ முதல் வரி ரசீது வரை எல்லாம் அழியும். முன்பே வேறிடத்தில் சேமிப்பது குடும்ப அமைதிக்கு நல்லது. பிறகு கணினி விழிக்கும்போதே எஃப்12 (டெல், லெனோவோ) அல்லது எஃப்9 (எச்பி) விசையைத் தட்டி, பூட் மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

வேலையெல்லாம் ரேமில் நடப்பதால், அணைத்ததும் லினக்ஸ் எல்லாவற்றையும் மறந்துவிடும். நினைவு வேண்டுமென்றால் ‘பெர்சிஸ்டன்ஸ்’ பகுதி ஒதுக்க வேண்டும். அந்த மறதியையே பலமாக்கிக்கொண்டது ‘டெயில்ஸ்’ என்ற லினக்ஸ் வகை. அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடென் பயன்படுத்தியது அதைத்தான்.

விண்டோஸ் படுத்துவிட்டால், கோப்புகளை மீட்கவும் இதே பென் டிரைவ் உதவும். ஆனால் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், மீட்புச் சாவியில்லாமல் அவை திறக்காது; சாவியை இன்றே குறித்து வையுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே அல்ல!