கொடிக்கு ஒரு கத்திரி

கேள்வி: பரங்கிக் கொடி காம்பவுண்ட் தாண்டி எதிர்வீட்டு மாடிவரை போய்விட்டது. காய் மட்டும் தேங்காய் அளவிலேயே நிற்கிறது. கொடியை வெட்டினால் பாவமா?
– ஒரு வாசகர், மைசூரு

பதில்: வெட்டாமல் விடுவதுதான் பாவம். இலை சமைக்கிற சர்க்கரைக்கு வளரும் நுனியும் பந்தியில் உட்காரும், வளரும் காயும் உட்காரும். நுனிகள் இருபது இருந்தால் காய்க்கு ரசம்தான் மிஞ்சும். 2023இல் அமெரிக்காவில் 1,247 கிலோ பரங்கிக்காயைத் தராசில் ஏற்றினார்கள். அப்படி ராட்சதப் பரங்கி வளர்ப்பவர்கள் செடிக்கு ஒரே காயை விட்டு, பக்கக்கொடிகளைப் பத்துப் பன்னிரண்டு அடியில் கிள்ளி, அவற்றில் கிளைக்கும் பேரக்கொடிகளை முளையிலேயே எடுத்துவிடுகிறார்கள். கணுக்களை மண்ணால் மூடுவார்கள், அங்கேயும் வேர் இறங்கும். இலை குறைந்தால் சமையலும் குறையுமே என்பீர்கள். உண்மை, அதனால்தான் நுனியைக் கிள்ளச் சொல்கிறேன், விரிந்த இலையை அல்ல. மழையில் வெட்டுவாய் அழுகாதா? வெயிலடிக்கும் காலையில் வெட்டுங்கள், சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். எதற்கும் விதையையும் விசாரியுங்கள்: பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சூர்யமுகி என்றால் அது சிறுகாய்க் குடும்பத்தில் பிறந்தது, எத்தனை கிள்ளினாலும் உங்கள் ஊர் தசரா ஊர்வலத்து ஜம்பூ சவாரி யானையாகாது. கிள்ளிய தளிரைப் பருப்போடு கூட்டு வையுங்கள், எதிர்வீட்டுக்கும் ஒரு கிண்ணம்.