999 முறை கேட்ட பாட்டு

2014 மார்ச் மாதம் வுல்ஃப்பெக் என்கிற அமெரிக்கக் குழு ஒரு இசைத்தொகுப்பை ஸ்பாட்டிஃபை என்கிற இசைச் சேவையில் ஏற்றியது. பெயர் ஸ்லீப்பிஃபை. பத்துப் பாட்டு, ஒவ்வொன்றும் அரை நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும். பத்திலும் ஒரு சத்தம் கிடையாது. ராத்திரி தூங்கப் போகும்போது ஓட விட்டுவிட்டுப் படுங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். முப்பது விநாடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு, கேட்டால் காசு. ரசிகர்கள் குறட்டை விட்டார்கள், மீட்டர் ஓடியது. ஏறக்குறைய 20,000 டாலர் சேர்ந்தது. அந்தப் பணத்தில் ஊர் ஊராகப் போய் டிக்கெட் இல்லாமல் கச்சேரி நடத்தினார்கள். மௌனம் சர்வார்த்த சாதகம் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தது வீண்போகவில்லை. ஸ்பாட்டிஃபைதான் ரசனை கெட்டுப்போய் அடுத்த மாதமே தொகுப்பைத் தூக்கிவிட்டது.

அது வாய் திறக்காதவர்களுக்கு வந்த காசு. வாய் திறந்து பாடுகிறவர்களுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு புதிய விதி. பன்னிரண்டு மாதத்தில் ஒரு பாட்டு ஆயிரம் முறை கேட்கப்படவில்லை என்றால் அதன் ஒலிப்பதிவுக்கு ராயல்டி கிடையாது. 999 முறை கேட்டிருந்தால்? கிடையாது. பாடியவர் கனடாவில் இருந்தாலும் சரி, கமுதியில் இருந்தாலும் சரி.

இதற்குச் சொன்ன காரணம்தான் அழகு. இந்த வகைப் பாட்டுகளுக்குச் சராசரியாக மாதம் மூன்று சென்ட் வருகிறதாம். அந்தச் சில்லறை விநியோகஸ்தரைத் தாண்டிக் கலைஞரின் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேருவதே இல்லையாம். ஏழைக்கு எதற்குச் சில்லறைத் தொல்லை என்கிற பெருந்தன்மை. சரி, தொல்லையை நீக்கிய பிறகு பணம் எங்கே போனது? மொத்த ராயல்டியில் அரை சதவீதம், ஆண்டுக்குப் பல கோடி டாலர். அதைத் தான் எடுத்துக்கொள்ளவில்லை என்று நிறுவனம் நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறது. ஆயிரத்தைத் தாண்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டதாம். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே உடைபடுவது ஏற்கெனவே தேங்காய் மலை குவிந்திருக்கும் பிள்ளையாருக்கு.

பக்கத்துக் கடைக்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? தர்மப் போட்டி முன்பே தொடங்கிவிட்டது. 2021-இல் ஆப்பிள் மியூசிக் கலைஞர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது: எங்கள் கடையில் ஒரு முறை கேட்டால் சராசரியாக ஒரு சென்ட். ஸ்பாட்டிஃபையில் அதில் பாதிகூடத் தேறாது, மூன்றில் ஒரு பங்கு என்பதுதான் பொதுவான கணிப்பு. பிரான்சின் கோபஸ் 2025-இல் ஒரு படி மேலே போய், எங்களிடம் கிட்டத்தட்ட 1.9 சென்ட் என்று பெருமையோடு அறிவித்தது. இசை ரசிகர்களும் அட்டவணை போட்டுக்கொண்டு, எந்தச் சேவைக்குச் சந்தா கட்டினால் மனசாட்சி உறுத்தாது என்று விவாதிக்கிறார்கள். மூன்று பேர் பாக்கெட்டில் கைவிட்டிருக்கும்போது யார் விரல் மென்மை என்று சோதிப்பதும் ஒரு கலைதான்.

அந்தச் சென்ட் யார் கைக்கு வருகிறது என்று அட்டவணையில் ஒரு கட்டம் இருக்காது. ஆப்பிள் சொன்ன ஒரு சென்ட் முதலில் இசை நிறுவனத்துக்கும் பாடல் உரிமை வைத்திருக்கும் பதிப்பகத்துக்கும் போகிறது. பாடியவருக்கு அதில் எவ்வளவு என்பதை அவர் எப்போதோ கையெழுத்திட்ட ஒப்பந்தம் தீர்மானிக்கும். முன்பணம் கழிந்து, ஒலிப்பதிவுச் செலவு கழிந்து, விளம்பரச் செலவு கழிந்து, மிச்சம் இருந்தால் கிடைக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு முறைக்கு இவ்வளவு என்று எந்தப் பெரிய சேவையும் முன்கூட்டி விலை வைப்பதில்லை. மாத வசூலை உண்டியலில் போட்டு, மொத்தம் எத்தனை முறை பாட்டுகள் ஓடினவோ அதால் வகுப்பார்கள். வருவதுதான் விலை. ஆகவே சந்தாதாரர்கள் குறைவாகக் கேட்டால் விலை ஏறும், ஆசை ஆசையாக நாள் முழுக்கக் கேட்டால் விலை இறங்கும். இலவசமாகக் கேட்கும் கூட்டம் சேர்ந்தால் இன்னும் இறங்கும். 2025-இல் ஸ்பாட்டிஃபையில் 70 கோடிப் பேர், அவர்களில் காசு கொடுப்பவர்கள் 28 கோடி. ஆப்பிளிலும் கோபஸிலும் இலவசக் கூட்டமே கிடையாது. அட்டவணையில் முதலிடம் பிடிக்க ஒரு சேவைக்குச் சுலபமான வழி, ரசிகர்கள் காதைப் பொத்திக்கொண்டு சந்தாவை மட்டும் தவறாமல் கட்டுவது. எந்தக் கடை நல்ல கடை என்று நாம் அடித்துக்கொள்வதில் கடைக்காரர்களுக்கு ரொம்ப சந்தோஷம். உண்டியலைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா.

உண்டியலைக் கேட்போம். ஓர் ஊரில் இரண்டு பேர். ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் சாப்பாட்டுச் சந்தா. ஒருவர் பெரிய ஓட்டலில் 990 பரோட்டா தின்கிறார். மற்றவர் தெருமுனைப் பாட்டி கடையில் பத்து இட்லியோடு சரி, வேறு எங்கும் கை நனைப்பதில்லை. மாதக் கடைசியில் இருநூறு ரூபாயை ஆயிரத்தால் வகுக்கிறார்கள். ஓட்டலுக்கு 198, பாட்டிக்கு 2. இட்லிக்காரர் கொடுத்த நூறில் 98 ரூபாய், அவர் வாசலைக்கூட மிதிக்காத ஓட்டல் கல்லாவில் விழுகிறது. நம் ஊரில் எவனாவது இப்படி ஒரு மெஸ் நடத்தினால் இலையை அவன் தலையில் கவிழ்த்துவிட்டுப் போவோம். கைப்பேசியில் நடத்தினால் புதுமை என்கிறோம்.

கலைஞர்களிடம் கேட்டால் பரிகாரம் ஒன்றும் ரகசியமில்லை. என் சந்தா நான் கேட்டவருக்கே போகட்டும், அவ்வளவுதான். சவுண்ட்கிளவுட் 2021-இல் சிறு கலைஞர்களுக்கு அதைச் செய்து காட்டியது, கம்ப்யூட்டர் வெடிக்கவில்லை. அதே ஆண்டு டைடல் என்கிற இசைச் சேவை, தன் விலையுயர்ந்த சந்தாவில் பத்து சதவீதம் வரை அந்தச் சந்தாதாரர் அதிகம் கேட்ட கலைஞருக்கு நேரே போகும் என்றது. 2023-இல் அந்தத் திட்டத்தை மூட்டை கட்டியது. இந்த டைடலின் ஜாதகமே தனி. 2015-இல் ராப் பாடகர் ஜே-ஸி அதை வாங்கி, நியூயார்க் மேடையில் மடோனா, பியான்சே, ரிஹானா என்று ஒரு கோடீஸ்வர வரிசையை நிறுத்தி, இதோ கலைஞர்களுக்கே சொந்தமான சேவை என்று கையெழுத்திட வைத்தார். ஆறு வருடத்தில் பெரும்பங்கு பணப் பரிவர்த்தனை நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. கலைஞர்களுக்குச் சொந்தம் என்று சொன்னது பொய்யில்லை. எந்தக் கலைஞர்கள் என்பதை மேடையிலேயே காட்டினார்களே. பாட்டை நேரடியாக விற்றுக் கொடுத்துப் பதினைந்து சதவீதம் மட்டும் எடுத்துக்கொண்ட பேண்ட்கேம்ப் கண்ணியமாக நடந்தது. அதனால் இரண்டு ஆண்டில் இரண்டு முறை விற்கப்பட்டது. இரண்டாவது முறை ஊழியர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஸ்பாட்டிஃபைக்கு வருவோம். அங்கேதான் கற்பனை வளம் அதிகம். உங்கள் பாட்டை நாலு பேர் காதில் விழவைக்க வேண்டுமா? டிஸ்கவரி மோட் என்று ஒன்று இருக்கிறது. முன்பணம் வேண்டாம். அப்படி விழவைத்த இடங்களில் வரும் ராயல்டியில் 30 சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் போதும். வானொலிக்காரருக்கு ரகசியமாகக் காசு தள்ளிப் பாட்டு போட வைப்பதை அமெரிக்கா 1960-இலேயே குற்றமாக்கியது. அது உறையில் காசு போட்டுக் கொடுத்த காலம். இப்போது கொடுக்க வேண்டியதிலேயே பிடித்துக்கொள்கிறார்கள், உறைச் செலவு மிச்சம்.

அடுத்தது ஆவிகள். அமைதியான பியானோ, படிக்கும்போது கேட்க, தூங்கும்போது கேட்க என்று கோடிக்கணக்கானோர் ஓட விடும் பிளேலிஸ்ட்கள் உண்டல்லவா? அவற்றில் வரும் பல பெயர்களில் நிஜத்தில் ஆளே இல்லை. ஸ்வீடனின் ஒரே ஒரு இசையமைப்பாளர் 650-க்கும் மேற்பட்ட பெயர்களில் அங்கே உலவுகிறார், அவர் இசை 1,500 கோடி முறை கேட்கப்பட்டிருக்கிறது என்று 2024-இல் அந்நாட்டு நாளிதழ் டாகென்ஸ் நிஹேட்டர் கண்டுபிடித்து எழுதியது. மலிவாகச் செய்து வாங்கிய இசையைத் தன் பிளேலிஸ்ட்களில் திணிக்க நிறுவனத்துக்குள்ளேயே ஒரு திட்டம் இருந்ததை லிஸ் பெல்லி என்கிற பத்திரிகையாளர் தன் புத்தகத்தில் விரிவாக எழுதினார். போலிக் கலைஞர்களை நாங்கள் உருவாக்கவில்லை என்றது நிறுவனம். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். உருவாக்கவில்லை, உட்கார இடம் மட்டும் கொடுத்தது. உண்மையான பியானோக்காரர் எழுந்துபோன நாற்காலிதான் அது. 2025-இல் ஆவிக்கும் அடுத்த தலைமுறை வந்துவிட்டது: தி வெல்வெட் சன்டவுன் என்றொரு இசைக்குழு. மாதம் பத்து லட்சம் பேருக்கு மேல் கேட்ட பிறகுதான், எல்லாம் செயற்கை நுண்ணறிவு செய்த வேலை என்று தெரியவந்தது. அதற்கு வீட்டு வாடகை இல்லை, பிள்ளை படிப்பு இல்லை. ஆயிரத்தை மட்டும் சுலபமாகத் தாண்டிவிடுகிறது.

நிறுவனர் டேனியல் எக் இதையெல்லாம் முன்கூட்டியே தத்துவமாகச் சொல்லிவைத்திருக்கிறார். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பாட்டு வெளியிட்டால் போதும் என்று கலைஞர்கள் இனி நினைக்க முடியாது என்றார் 2020-இல், கொரோனாவில் கச்சேரி மேடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது. 2024-இல், உள்ளடக்கம் தயாரிக்கும் செலவு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிட்டது என்று எழுதி, இசைக்கலைஞர்கள் கொதித்தெழுந்ததும் வார்த்தை தவறிவிட்டது என்று விளக்கம் சொன்னார். வயலின் கற்கப் பதினைந்து வருடம் ஆகிறதே, அது யார் வீட்டுச் செலவு? அவருடைய சொந்த முதலீட்டு நிறுவனம் 2021-இல் ஹெல்சிங் என்கிற ராணுவத் தொழில்நுட்ப நிறுவனத்தில் 10 கோடி யூரோ போட்டது. 2025-இல் அதே ஹெல்சிங்குக்கு 60 கோடி யூரோ திரட்டியதில் முன்னின்றது. ஹெல்சிங் ட்ரோன் செய்கிறது. டீர்ஹூஃப், கிங் கிஸ்ஸர்ட், மாசிவ் அட்டாக் போன்ற குழுக்கள், எங்கள் பாட்டுக் காசில் இதெல்லாம் வேண்டாம் என்று வெளியேறின. ட்ரோனுக்கு ஆயிரம் முறை பறந்த பிறகுதான் பணம் என்று யாரும் நிபந்தனை வைத்ததாகத் தெரியவில்லை. வாயால் பிழைப்பவர்கள் எல்லோருக்கும் ஸ்பாட்டிஃபை கஞ்சத்தனம் செய்யவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும்: ஜோ ரோகன் என்பவர் மைக் முன்னால் உட்கார்ந்து பேச, குறைந்தது 20 கோடி டாலர் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

பெரிய இசை நிறுவனங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று அப்பாவியாகக் கேட்பவர்களுக்கு: அவர்கள் தொடக்கத்திலேயே பங்குதாரர்கள். 2018-இல் ஸ்பாட்டிஃபை பங்குச் சந்தைக்கு வந்ததும் வார்னர் தன் பங்குகளை 50 கோடி டாலருக்கு மேல் விற்றது. சோனி பாதியை விற்றே அதைவிட அதிகம் பார்த்தது. அதில் ஒரு பகுதியைக் கலைஞர்களுக்கும் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லக்கூடாது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, விருதுப் பட்டியலில் இடம்பிடித்த பாடகி நதீன் ஷா வந்து, ஸ்ட்ரீமிங் வருமானத்தில் வீட்டு வாடகை கட்ட முடியவில்லை என்று சாட்சி சொன்னார். இந்த அமைப்பை அடியோடு மாற்றவேண்டும் என்று குழு 2021-இல் அறிக்கை கொடுத்தது. நல்ல அறிக்கை, நல்ல தாள்.

நம் ஊர்க் கதை இதைவிட ருசி. உண்டியல் நாட்டுக்கு நாடு தனி. 2019-இல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். அமெரிக்காவில் பத்து டாலர். அமெரிக்க உண்டியலிலேயே அரை சென்ட்கூட இல்லை என்றால் நம் உண்டியலில் எவ்வளவு என்று பைசாவுக்குக் கீழே நாணயம் அடித்துத்தான் சொல்ல வேண்டும். அந்த உண்டியலிலும் சினிமாப் பாட்டுதான் மலை. சொந்தமாக எழுதி, வீட்டு அறையில் பதிவுசெய்து, சினிமா வாசலில் நிற்காமல் தமிழில் பாடும் பிள்ளைகளை மட்டுமே நீங்கள் கேட்டாலும், உங்கள் சந்தாவில் பெரும்பகுதி போய்ச் சேருவது படப்பாடல் உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை இசை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். சரிபாதி பங்கு என்று சட்டம் சொல்கிறது. எதில் சரிபாதி என்பதை உண்டியல் சொல்கிறது.

பணம் இல்லை, தொழில்நுட்பம் சிக்கல், ஒப்பந்தங்கள் ரகசியம், மாற்றம் மெதுவாகத்தான் வரும் என்று இவர்கள் சொல்லும்போது 2015 ஜூன் 21-ஐ நினைத்துக்கொள்கிறேன். ஆப்பிள் மியூசிக் தொடங்கப்போகிறது. முதல் மூன்று மாதம் ரசிகர்களுக்கு இலவசம், ஆகவே கலைஞர்களுக்கும் பட்டை நாமம் என்று முடிவாகியிருந்தது. சிறு நிறுவனங்கள் முன்பே கத்திப் பார்த்தன, காது கேட்கவில்லை. அன்று டெய்லர் ஸ்விஃப்ட் ஒரு கடிதம் எழுதினார். நாள் முடிவதற்குள் ஆப்பிள் மனம் மாறிவிட்டது. பணம் வந்தது, தொழில்நுட்பம் வழிவிட்டது, ஒப்பந்தம் வளைந்தது. ஆகவே 999-இல் நிற்கும் தம்பி, தங்கைகளுக்கு என்னால் ஆன ஆலோசனை: மனு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். முதலில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆகிவிடுங்கள், பிறகு எழுதுங்கள்.