லிங்கத்தைப் பார்த்த கூட்டம்

கேள்வி: போலிச் சாமியார்களிடம் படித்தவர்கள்கூட எப்படிச் சிக்குகிறார்கள்?
— ஒரு வாசகி, கச்சால் தீவு, நிகோபார்

பதில்: படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அம்மா. போக்கிடம் இல்லாதவர்கள்தான் முதலில் சிக்குவார்கள். பிரேமானந்தா என்ற சாமியாரையே பாருங்கள். இலங்கை மாத்தளைக்காரர். அங்கே நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தார். அவரை நம்பி ஆதரவற்ற பிள்ளைகளும் வந்தார்கள். இலங்கையிலிருந்து வந்து உங்கள் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்களுக்கு அந்தத் தவிப்பு நன்றாகவே தெரியும்.

விராலிமலைப் பக்கம் பாத்திமா நகரில் ஆசிரமம். வெறுங்கையில் விபூதி கொட்டும். சிவராத்திரிக்கு வாயிலிருந்து லிங்கம் வரும். கூட்டம் லிங்கத்தையே பார்த்தது. சோறு போடுகிறவரை எதிர்த்து வாய் திறக்க முடியாமல் நின்ற சிறுமிகளை யாரும் பார்க்கவில்லை. அங்கிருந்து தப்பி வந்த பெண்கள் சொல்லித்தான் 1994-ல் உண்மை வெளியே வந்தது. மரபணுச் சோதனையும் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. குற்றங்கள்: 13 பேரைப் பாலியல் வன்கொடுமை செய்தது, ஒரு கொலை. 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பக்தர்களோ கடைசிவரை நம்பவில்லை.

விடுதியிலோ ஆசிரமத்திலோ பிள்ளையை விட்டிருப்பவர்கள், அடுத்த முறை போகும்போது அதைத் தனியே வெளியே அழைத்துப் போய்ப் பேச விடுங்கள்.