முதலில் தழை, பிறகுதான் பூ

கனடாவில் மருத்துவர் ஒப்புதலும் ஹெல்த் கனடாவின் பதிவும் பெற்று, தங்களுக்கு வேண்டிய கஞ்சாவைத் தாங்களே வளர்க்கும் நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் அனுப்பிய கேள்விகள் இவை. இம்முறை தழைப் பருவம் மட்டும்: நாற்று நிலை தாண்டியதிலிருந்து பூ எடுக்கும் வரை.

தழைப் பருவம் எத்தனை நாள்? – ஸ்கார்பரோ வாசகர்

இரவு எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. கஞ்சா குறும்பகல் செடி. இரவு நீண்டால் பூக்கும், சுருங்கினால் தழைக்கும். வீட்டுக்குள் 18 மணி நேரம் வெளிச்சம், 6 மணி நேரம் இருட்டு என்று வைத்தால் தழைத்துக்கொண்டே இருக்கும். 12-க்கு 12 ஆக்கினால் பூவுக்குத் திரும்பும். நான்கு முதல் எட்டு வாரம் தழைக்க விடுவது பொது வழக்கம். விளக்கை டைமரிடம் ஒப்படையுங்கள். மனிதருக்கு மறதி உண்டு. ஆட்டோஃபிளவர் ரகங்கள் மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது, வயது வந்ததும் தாமே பூக்கும்.

பக்கத்து வீட்டில் நான்கு செடி. எனக்கு மட்டும் பத்து எப்படி? – பிராம்டன் வாசகி

அது பொழுதுபோக்குக் கணக்கு, உங்களுடையது மருந்துக் கணக்கு. 2018 அக்டோபர் 17-இல் நடைமுறைக்கு வந்த கஞ்சா சட்டம் ஒரு வீட்டுக்கு 4 செடி அனுமதிக்கிறது. கியூபெக்கில் அதற்கும் தடை. 2023-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதிசெய்தது. நோயாளிக்கோ மருத்துவர் எழுதும் தினசரி அளவே அடிப்படை: ஒரு கிராமுக்கு வீட்டுக்குள் 5 செடி, வெளியில் என்றால் 2. உங்களுக்கு 2 கிராம், ஆகவே 10. இந்த உரிமை சும்மா வந்ததல்ல. வலிப்பு நோயாளி டெரன்ஸ் பார்க்கர் வழக்காடி 2000-இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். மறு ஆண்டே மருத்துவக் கஞ்சாவுக்கு விதிகள் பிறந்தன.

அம்மாவுக்குப் புற்றுநோய். அவருக்காக நான் வளர்க்கலாமா? – மார்க்கம் வாசகர்

வளர்க்கலாம். ஆனால் அவருக்காக வளர்ப்பவர் என்று உங்கள் பெயரும் ஹெல்த் கனடாவில் பதிவாக வேண்டும். கீமோ சிகிச்சையில் இருப்பவருக்கு நோய் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சணத்தின் வித்துகள் அவர் நுரையீரலுக்கு ஆபத்தானவை. அதனால் உங்களுக்கு முதல் இலக்கு விளைச்சல் அல்ல, தூய்மை. காற்றோட்டம், கழுவிய கத்தரி, உதிர்ந்த இலையை அன்றன்றே அகற்றுதல் மூன்றும் தினசரிக் கடமை. உலர்த்தும்போது காட்டும் கவனத்தை இலை விடும்போதே தொடங்குங்கள்.

தினமும் காலையில் தண்ணீர் விடுகிறேன். இலை தொங்குகிறது. இன்னும் விடவா? – மிசிசாகா வாசகர்

நிறுத்துங்கள். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடைவெளிகளை நீர் அடைத்துவிட்டால் உயிர்வளி போய்ச் சேராது. இலை தொங்கும், பிறகு வேரழுகல் வரும். அடுத்த விருந்தாளி ஈர மண்ணில் முட்டையிடும் சிறு கொசு போன்ற பூச்சி. மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. நனைந்த தொட்டியின் கனம் கைக்குப் பழகிவிட்டால் நாள்காட்டி தேவையில்லை.

குழாய்த் தண்ணீரை இரவு முழுக்க வாளியில் வைத்து ஊற்றினால் குளோரின் போய்விடுமா? – டொரன்டோ வாசகி

குளோரின் போகும். டொரன்டோ தண்ணீரில் இருப்பது குளோரமின். அது ஒரு இரவில் போகாது. கரி வடிகட்டி உதவும். ஆனால் சாதாரண மண்ணில் வளர்ப்பவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். நீரின் பிஎச் அளவைப் பாருங்கள். மண்ணில் 6 முதல் 7-க்குள், மண்ணில்லா வளர்ப்பில் 5.5 முதல் 6.5-க்குள் இருக்கட்டும். அது தப்பினால் உரம் தொட்டியில் இருந்தும் செடி பட்டினி கிடக்கும்.

இலை மஞ்சளாகிறது. என்ன சத்துக் குறைவு? – வாட்டர்லூ வாசகர்

மேலா, கீழா என்று சொல்லவில்லையே! அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. அது செடிக்குள் நடமாடும் சத்து என்பதால், பழைய இலையிலிருந்து எடுத்துப் புதுத் துளிருக்குக் கொடுக்கிறது செடி. துளிர் முதலில் வெளுத்தால் இரும்புச்சத்தைச் சந்தேகியுங்கள், அது நடமாடாது. இலை கரும்பச்சையாகி நுனி நகம்போல் கீழே வளைந்தால் தழைச்சத்து அதிகமாகிவிட்டது. இந்தப் பருவத்தில் அதிகம் வேண்டியது தழைச்சத்துதான், அதற்காக அள்ளிக் கொட்டக் கூடாது. உரப்பையில் போட்டிருக்கும் அளவில் பாதியில் தொடங்குங்கள்.

நம் ஊர்த் தென்னை நார்க்கழிவு இங்கே கோகோ பீட் என்று விற்கிறது. நம்பலாமா? – அஜாக்ஸ் வாசகர்

தாராளமாக. நீரைப் பிடித்துவைத்து வேருக்குக் காற்றும் விடும். இரண்டு எச்சரிக்கை. சரியாகக் கழுவாத நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கும். நார்க்கழிவு சுண்ணாம்புச்சத்தையும் மக்னீசியத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும், செடிக்குத் தட்டுப்பாடு வரும். கழுவிப் பதப்படுத்தியது என்று பையில் போட்டிருப்பதை வாங்கி, அந்த இரண்டு சத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

சிலந்திப்பேன். வேப்பெண்ணெய் அடிக்கலாமா? எங்கள் தாத்தா எல்லாவற்றுக்கும் அதைத்தான் அடிப்பார். – ஸ்கார்பரோ வாசகி

தாத்தா அடித்தது கத்தரிக்கு, கழுவிச் சமைத்தீர்கள். இதை நோயாளி சூடாக்கி மூச்சில் இழுப்பார். வயிற்றுக்கு ஒத்துப்போவதெல்லாம் நுரையீரலுக்கு ஒத்துப்போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் கனடாவில் உரிமம் பெற்றவர்களின் கஞ்சாவிலேயே மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லி கண்டுபிடிக்கப்பட்டு, சரக்கு திரும்பப் பெறப்பட்டது. திராட்சைக்கு அடிக்கும் மருந்துதான். சூடானால் ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும்.

கஞ்சாவுக்கென்று பதிவான மருந்தைத் தவிர எதையும் தொடாதீர்கள். அதற்கும் முன்னால், இலையின் அடிப்புறத்தை வெறும் நீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். ஹீட்டர் ஓடும் குளிர்கால அறையின் வறட்சிதான் இந்தப் பேனுக்குக் கொண்டாட்டம்; ஈரப்பதத்தை 50 முதல் 70 சதவீதத்துக்குள் வையுங்கள். பேனையே தின்னும் நன்மைசெய் பேன்களும் கடையில் கிடைக்கின்றன.

பஞ்சகவ்யம்? – பிராம்டன் வாசகர்

சாணம் சேர்ந்த எதையும் மருந்துச் செடியின் இலையில் தெளிக்காதீர்கள். கிருமி எது, நன்மை செய்யும் நுண்ணுயிர் எது என்று பிரிக்க வீட்டில் வழியில்லை.

நுனி கிள்ளினால் செடி கோபித்துக்கொள்ளாதா? – மார்க்கம் வாசகி

துளசியைக் கிள்ளக் கிள்ள எப்படிப் படர்கிறதோ, அப்படித்தான் இதுவும். நான்காவது, ஐந்தாவது கணு வந்ததும் நுனியைக் கிள்ளினால் அடியிலுள்ள இரண்டு கிளைகள் தலையெடுக்கும். அடுத்த கவாத்துக்கு முன் ஒரு வாரமாவது விடுங்கள். வாடிய செடியிலோ நோய்ப்பட்ட செடியிலோ கை வைக்காதீர்கள்.

ஆணா பெண்ணா என்று எப்போது தெரியும்? – ஒட்டாவா வாசகர்

நான்கு முதல் ஆறு வாரத்தில் கணுக்களில் பாருங்கள். வெண்மயிர் போல் இரண்டு இழை எட்டிப் பார்த்தால் பெண். சிறு உருண்டை தொங்கினால் ஆண். ஆணை அன்றே அகற்றுங்கள், மகரந்தம் பரவினால் பூவெல்லாம் விதையாகும். நல்ல பெண் செடி அமைந்துவிட்டால் அதிலிருந்தே வெட்டுத்துண்டு எடுத்து நடுங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் வேர் விடும். தாய்க்கும் பிள்ளைக்கும் மரபு ஒன்றே. வலி தணிந்த அதே மருந்து அடுத்த முறையும் வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஊருக்குப் போகும்போது அப்பாவுக்குக் கொஞ்சம் கொண்டுபோகலாமா? – மிசிசாகா வாசகி

கூடவே கூடாது. மருத்துவச் சான்று இருந்தாலும் கனடா எல்லையைக் கஞ்சாவோடு கடப்பது குற்றம். விதையை வாங்கி அங்கே நடலாமே என்றும் நினைக்காதீர்கள். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் இன்றி ஒரு செடி வளர்த்தாலும் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அப்பாவின் வலிக்கு அங்குள்ள மருத்துவரிடம் வழி கேளுங்கள்.

எப்போது பூவுக்கு அனுப்புவது? – அஜாக்ஸ் வாசகர்

உயரம் பார்த்து முடிவெடுங்கள். வெளிச்சம் மாறிய பிறகு பல ரகங்கள் இரண்டு மடங்கு வளரும். விளக்குக்குக் கீழே கிடைக்கும் உயரத்தில் பாதியை எட்டியதும் மாற்றலாம். ஆனால் பேனோ சாம்பல் நோயோ மிச்சமிருந்தால் ஒரு நாள்கூட முந்தாதீர்கள். இலையில் வந்த நோயைக் கழுவலாம், கிள்ளி எறியலாம். பூவுக்குள் புகுந்ததை எடுக்க முடியாது. அது நேராக நோயாளியிடம் போகும். பதினைந்து நாள் தாமதமானால் பரவாயில்லை, சுத்தமான செடியை மட்டும் பூக்க விடுங்கள்.