அப்பாவுக்கும் ஒரு இடாப்பு

எங்கள் வீட்டில் இரண்டாம் தரம் படிப்பது மகள்தான் என்று பாடசாலை இடாப்பு சொல்கிறது. வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் அதை நம்புவதில்லை. அவள் வேனில் ஏறிக் கை காட்டிவிட்டுப் போய்விடுகிறாள். அதற்கு முன்னும் பின்னும் வெட்டுவது, ஒட்டுவது, ஒப்பிப்பது, திட்டு வாங்குவது எல்லாம் அவளைப் பெற்றவன்.

கந்தப்பளை சுமார் 6,300 அடி உயரத்தில் இருக்கிறது. ஜனவரி மாத விடியற்காலையில் இங்கே ஒரு பிள்ளையைப் போர்வையிலிருந்து பிரித்தெடுப்பது லேசான காரியமில்லை. அந்தக் காரியம் மனைவியுடையது. சுடுதண்ணி வைப்பது என் பொறுப்பு. வைத்துவிட்டு அடுப்பை விட்டு நகராமல் குளிர்காய்வது நானாக ஏற்றுக்கொண்ட கூடுதல் பொறுப்பு. "தண்ணி கொதிக்கிறத பாக்கவும் ஒரு ஆள் வேணுமாங்க?" என்பாள். வேண்டும் என்றுதான் நான் இன்றுவரை வாதாடி வருகிறேன். பிறகு சீருடை. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை உடுப்பு என்று தீர்மானித்த புண்ணியவான் மழைக்காலத்தில் கந்தப்பளைப் பக்கம் வந்திருக்கவே மாட்டார்.

இந்த நாட்டில் 1945இலிருந்து கல்வி இலவசம். தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது என்னவோ 1970களில்தான். 1980இலிருந்து பாடநூல் இலவசம், 1993இலிருந்து சீருடைத் துணியும் இலவசம். இவ்வளவையும் அரசாங்கமே கொடுத்துவிடுவதால் தகப்பன் கொடுக்கவேண்டியது பிரிஸ்டல் போர்ட், ரெஜிபோம், கலர் பேப்பர், பசை, சனிக்கிழமை ஆகியவை மட்டுமே.

ஒரு சனிக்கிழமை சுற்றாடல் பாடத்துக்குப் பத்து வகை இலை ஒட்ட வேண்டியிருந்தது. நான் வாசலில் நின்று சுற்றாடலைப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரே இலை, தேயிலை. அது முடிகிற இடத்தில் லீக்ஸ் தொடங்கியது. மகளின் பட்டியலில் வேப்பிலையும் முருங்கை இலையும் இருந்தன. இந்தக் குளிரில் வேம்பு எங்கே பிழைக்கிறது? திருவிழாவுக்கு வந்த வேப்பிலையில் மிச்சம் இருக்கிறதா என்று கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டேன். "வீட்ல யாருக்கும் அம்மை போட்டிருக்கா?" என்று பதறிப்போனார். "இல்லங்க சாமி, ஹோம்வேர்க்" என்றேன். முகத்தில் அதைவிடக் கூடுதலான இரக்கத்தோடு ஒரு கொத்து எடுத்துக் கொடுத்தார்.

கோயில் வேப்பிலை ஒட்டிய அந்தக் கொப்பி போய்ச் சேர்ந்தது கத்தோலிக்கப் பாடசாலைக்கு. கத்தோலிக்கப் பாடசாலை என்றாலும் அரசாங்கப் பாடசாலைதான். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நிர்வாகம் கைமாறியது. புனிதர்களின் பெயர்கள் பல இடங்களில் பெயர்ப்பலகையிலேயே தங்கிவிட்டன. அந்த நாட்களில் நாட்டின் பல பகுதிகளில் கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு வெளியேற மறுத்தார்கள். சமாதானம் பேசப் பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வரவேண்டியிருந்தது. அன்று பெற்றோரை வெளியே அழைக்க ஒரு கர்தினால் போதுமாக இருந்தார். இன்று என்னைச் சிரமதானத்துக்கு உள்ளே அழைக்க வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எத்தனை செய்தி போட்டாலும் போதவில்லை. கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் படுத்துவிடுகிறேன். மண்வெட்டியோடு போவது மனைவி.

பாடசாலையில் காலை செபம் பொது. சமயப் பாட நேரம் வந்தால் கத்தோலிக்கம் படிக்கிறவர்கள் ஒரு பக்கம், சைவநெறி படிக்கிறவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து போகிறார்கள். எங்கள் மகள் சைவநெறி. ஆனாலும் செபத்தை விட்டுக்கொடுக்க அவள் தயாரில்லை. வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் திருநீறு பூசிக்கொள்கிறாள். அப்பாயியிடம் முறையிட்டேன். "ரெண்டு சாமியும் பாத்துக்கட்டும். ஒனக்கு ஒரு சாமி பாத்தே ஒண்ணும் ஆகலியே" என்றார். அதற்குப் பிறகு நான் சமய விவகாரங்களில் தலையிடுவதில்லை.

சமையல் விவகாரத்தில் தலையிட்டேன். பிள்ளைகளுக்குக் காலையில் கொடுக்கும் அரசாங்கச் சாப்பாட்டை எங்கள் பாடசாலையில் பெற்றோர் முறை வைத்துச் சமைக்கிறார்கள். எங்கள் முறை வந்த அன்று மனைவிக்குக் காய்ச்சல். நான் போனேன். அங்கிருந்த அம்மாமார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பருப்பை என் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தினார்கள். பிறகு ஒரு தேங்காயைக் கொடுத்தார்கள். நான் அதைத் துருவி முடிப்பதற்குள் சோறு வடித்து, பருப்பு தாளித்து, முட்டை அவித்து, பிள்ளைகள் சாப்பிட்டுக் கையும் கழுவிவிட்டார்கள். "பரவால்லீங்கண்ணே, நாளைக்கு சம்பலுக்கு ஆகும்" என்றார் ஒரு தங்கை. அந்த ஆறுதலை வீட்டில் நான் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவில் படமாகவே போட்டிருந்தார்கள்.

சிறுவர் சந்தையிலாவது கை ஓங்கும் என்று நினைத்தேன். கந்தப்பளையிலிருந்து கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் லொறி லொறியாகப் போகும் லீக்ஸ், கரட், கோவாவுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. விலை எனக்குத் தெரியாதா? மகள் விற்பதற்காக நானே வாங்கிக் கொடுத்த லீக்ஸ் கட்டை, அவளிடமிருந்து நானே இரண்டு மடங்கு விலைக்கு வாங்கினேன். கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். "அப்பா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க. வாங்குறதுன்னா வாங்குங்க" என்றாள். மிச்சக் காசும் வரவில்லை. கணிதச் செயற்பாட்டில் அவளுக்கு மிக நன்று என்று டீச்சர் எழுதியிருந்தார்.

ஆண்டுக் கடைசியில் ஒளிவிழா. குடில் கட்டும் வேலை அப்பாமாருக்கு. கூடியவர்களில் பாதிப் பேர் சைவம், ஆனால் பெத்லகேம் எப்படி இருந்திருக்கும் என்பதில் எல்லாருக்கும் உறுதியான அபிப்பிராயம் இருந்தது. கடைசியில் கவாத்து வெட்டிய தேயிலை மிலாறு நிறையக் கிடைத்ததால், பாலன் இயேசு தேயிலை மலையடிவாரத்தில் பிறந்தார்.

மகளுக்கு ஆட்டுக்குட்டி வேடம். ஒரே ஒரு வசனம்: "மே." பொறுப்புள்ள தகப்பன் என்ற முறையில் லூக்கா நற்செய்தியை எடுத்து வாசித்தேன். இடையர்கள் வருகிறார்கள், வானதூதர் பேசுகிறார், ஆட்டுக்கு வசனமே இல்லை. டீச்சர் பெருந்தன்மையாக ஒன்று கொடுத்திருந்தார். அதை வீணடிக்கக் கூடாது என்று தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சி வைத்தேன். வானதூதர் பேசி முடித்ததும் மூச்சை இழுத்து, வயிற்றிலிருந்து சொல்ல வேண்டும் என்று நானே சொல்லிக் காட்டினேன். பக்கத்துக் காம்பராவில் ஒருநாள் "இவங்க எப்ப ஆடு வாங்கினாங்க?" என்று கேட்டார்கள்.

விழா அன்று மண்டபம் நிறையச் சனம். முன்வரிசையில் பாதர். உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டிய மகள் மேடைக்கு வந்தாள். வானதூதர் நற்செய்தியைச் சொல்லி முடித்தார். மகள் அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்துக் கை காட்டிக்கொண்டிருந்தாள். வினாடிகள் போயின. வானதூதர் ஆட்டைப் பார்த்தார், இடையர்கள் ஆட்டைப் பார்த்தார்கள். அப்போது சபையின் நடுவிலிருந்து, வயிற்றிலிருந்து எழுந்த ஒரு "மே" மண்டபம் முழுக்கக் கேட்டது.

பாதர் திரும்பிப் பார்த்தார். மகள் மேடை ஓரத்துக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா! அது என்னோட வசனம்!"

திரும்பி வரும் வழியில் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "அடுத்த வருசம் ஒங்களுக்கும் ஒரு வேசம் குடுக்கப் போறதா டீச்சர் சொன்னாங்க."

எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சிதான். "என்ன வேசமாம்?"

"கழுத. வசனம் கெடையாதாம்."