கானல் நீர் என்று சொன்னவர்

கேள்வி: சமூக நீதி என்பதே கானல் நீர் என்று சொன்ன பொருளாதார மேதை ஒருவர் உண்டாமே, யார் அவர்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஃபிரெடரிக் ஹயேக். 1899-ல் வியன்னாவில் பிறந்தவர், 1931 முதல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் பேராசிரியர், 1974-ல் நோபல் பரிசு. 1976-ல் வந்த அவர் புத்தகத்தின் தலைப்பிலேயே அந்தக் கானல் நீர் இருக்கிறது. கல்லூரி நாளில் அவரைத் திட்டுவதற்காகவே நூலகத்தில் அதைத் தேடி எடுத்தேன். திட்ட வைத்திருந்த காரணங்களில் பாதியைப் புத்தகம் பிடுங்கிக்கொண்டது. மீதிப் பாதி இன்றும் என்னிடம் இருக்கிறது.

கேள்வி: அப்படி என்னதான் வாதம்? (திருப்பூர் வாசகர்)

பதில்: ஒருவர் செய்த செயலைத்தான் நியாயம், அநியாயம் என்று பேச முடியும். ஓர் ஊரில் மழை கொட்டி அடுத்த ஊர் காய்ந்தால் மழைமேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. சந்தையும் அப்படித்தான் என்கிறார் ஹயேக். கோடிக்கணக்கான பேர் அவரவர் போக்கில் வாங்கி விற்கிறார்கள். ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம். இவருக்கு இவ்வளவு என்று உட்கார்ந்து பங்கு பிரித்தவர் எவரும் இல்லை. பிரித்தவரே இல்லாதபோது பிரித்தது அநியாயம் என்று யாரைக் குற்றம் சொல்வது? அரசே பிரிக்கட்டும் என்றால், யாருக்கு எவ்வளவு தகும் என்று சொல்லும் அதிகாரம் சிலர் கைக்குப் போகும். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பது போய்விடும். அவருடைய பயம் அதுதான்.

கேள்வி: ஏழைகள் பட்டினி கிடக்கட்டும் என்றாரா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: இல்லை. கடும் வறுமையிலிருந்து காக்க எல்லோருக்கும் குறைந்தபட்ச வருமானம் ஒன்றை அரசு உறுதி செய்யலாம் என்று அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அவரைக் கொண்டாடுகிறவர்களும் திட்டுகிறவர்களும் சேர்ந்தே தாண்டிப்போகும் பக்கம் அது.

கேள்வி: ஆள் எப்படி? பழகியவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள்? (கும்பகோணம் வாசகி)

பதில்: எனக்குப் பிடித்தது ஆர்தர் லூயிஸின் நினைவு. கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் 1915-ல் பிறந்த கறுப்பினத்தவர். பொறியாளர் ஆக ஆசைப்பட்டார். படித்துத்தான் என்ன பயன்? கறுப்பினப் பொறியாளருக்கு அங்கே அரசும் வேலை தராது, வெள்ளையர் நிறுவனங்களும் தரா. உதவித்தொகை பெற்று லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கு வந்தவர் 1938-ல் அங்கேயே ஆசிரியரானார். சில ஆண்டுகள் கழித்துத் துறையைத் தற்காலிகமாகக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஹயேக். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் உலகப் பொருளாதாரத்தில் நடந்தது என்ன என்று பாடம் எடுக்கச் சொன்னார். எனக்கே தெரியாதே என்றார் லூயிஸ். ஒன்றைக் கற்றுக்கொள்ள அதைப் பாடமாக எடுப்பதே நல்ல வழி என்று ஹயேக் சொல்லிவிட்டார். லூயிஸ் வளர்ச்சிப் பொருளாதாரத்தில் பெரிய பெயராகி 1979-ல் நோபல் பரிசு வாங்கினார். அரசு முன்கை எடுக்க வேண்டும் என்று நம்பிய லூயிஸ், ஹயேக்குக்கு நேர் எதிர் முகாம். அதனால்தான் அவர் சொன்ன இந்த நினைவுக்கு மதிப்பு அதிகம்.

எதிர் முகாமோடு பழகுவது ஹயேக்குக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில் கல்லூரி கேம்பிரிட்ஜுக்கு இடம் மாறியபோது கிங்ஸ் கல்லூரியில் அவருக்கு அறை பிடித்துக் கொடுத்தவர், கொள்கையில் மோதிக்கொண்டிருந்த பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ்.

இன்னொன்று. நோபல் விருந்தில் பேசும்போது, இப்படி ஒரு பரிசு வைக்கலாமா என்று என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன் என்றார். பொருளாதாரத்தில் எந்தத் தனிமனிதருக்கும் அவ்வளவு அதிகாரம் சேரக்கூடாது என்பது அவர் கட்சி. பரிசைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். அதை மதிக்கிறேன்.

கேள்வி: இந்தியர் யாராவது அவரிடம் படித்ததுண்டா? (காரைக்குடி வாசகர்)

பதில்: பி.ஆர். ஷெனாய் அவர் உரைகளைக் கேட்டவர். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு 1955-ல் பொருளாதார வல்லுநர் குழு ஒப்புதல் தந்தபோது, தனியாக நின்று மறுப்புக் குறிப்பு எழுதியவர் அவர்தான். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணனும் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஹயேக்கின் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்; ஆனால் அவருக்கு ஆசான் இடதுசாரி அறிஞர் ஹெரால்ட் லாஸ்கி.

கேள்வி: சுதந்திரம் பேசியவர் சிலி சர்வாதிகாரி பினோசேயைப் பார்க்கப் போனாரே? (சேலம் வாசகர்)

பதில்: போனார், 1977-ல். தாராளவாதம் இல்லாத ஜனநாயகத்தைவிடத் தாராளவாத சர்வாதிகாரி மேல் என்று 1981-ல் சிலி நாளிதழ் ஒன்றுக்குப் பேட்டியும் கொடுத்தார். ஆட்களைக் காணாமல் அடித்துக்கொண்டிருந்த ஆட்சி அது. இதற்கு நான் சமாதானம் சொல்லமாட்டேன். அவர் வாழ்க்கையில் பெரிய கறை.

கேள்வி: நம் ஊர்ச் சமூக நீதியை மறுக்கவும் ஹயேக்கைத்தானே மேற்கோள் காட்டுகிறார்கள்? (மதுரை வாசகி)

பதில்: காட்டுகிறவர்கள் அவர் அளவுகோலைச் சரியாகப் பிடிக்கவில்லை. யாரும் திட்டமிடாமல் வந்த விளைவைத்தான் அநியாயம் என்று சொல்ல முடியாது என்றார். சாதி அப்படி வந்ததா? வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக்கூடாது என்று 1924-ல் தடுத்தது மனிதர்கள் போட்ட விதி. அதைக் காக்க அரசின் காவலர்கள் நின்றார்கள். எதிர்த்துப் போன பெரியார் சிறைக்குப் போனார். வைக்கம் இருக்கும் இன்றைய கோட்டயம் மாவட்டத்து உழவூரில், ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர்தான் நாராயணன். கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட பையன். லூயிஸைப் பொறியாளர் ஆகவிடாததும் மழை இல்லை. இன்ன நிறத்தவனுக்கு வேலை இல்லை என்று முடிவெடுத்த ஆட்கள். ஹயேக் கணக்குப்படியே இவை செயல்கள். அநியாயமான செயல்கள். தலைமுறை தலைமுறையாகப் பூட்டிவைத்த கதவைத் திறந்துவிடுவதும் உள்ளே இடம் ஒதுக்குவதும் அந்தச் செயலுக்கான பரிகாரம். அவர் எதிர்த்த வருமானப் பங்கீடு வேறு, இது வேறு. இந்த இடத்தில் அவர் போதிய அளவு யோசிக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

அடுத்த முறை யாராவது ஹயேக் பெயரைச் சொல்லி இடஒதுக்கீட்டை அடிக்க வந்தால், வைக்கத்துத் தெருவை மூடியது எந்தச் சந்தை என்று கேளுங்கள்.